18 ஆயிரம் ரூபாயில் ஒரு டீம்: ஸ்கோர் நோட்டை வைத்து ஜெயிக்க முடியுமா?

கோத்தகிரி நோட்டு:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

கோத்தகிரிக்குக் கீழே ஒரு ஹட்டியில் (படகர் ஊர்) எங்கள் கிரிக்கெட் டீம். டென்னிஸ் பால், எட்டு ஓவர் மேட்ச். பசங்களில் பாதிப் பேர் ஒரு ஏக்கர், அரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள். மீதிப் பேர் ஃபேக்டரியில் இருக்கிறார்கள், இலை ஏற்றும் பிக்கப் ஓட்டுகிறார்கள், அல்லது கோயம்புத்தூரில் வேலை பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் மேலே வருகிறார்கள். ஊரில் வசூல் செய்துதான் சீசனை ஓட்டுகிறோம். பச்சைத் தேயிலைக்கு விலை இல்லாத வருடம் வசூலும் படுத்துவிடும். கடைசியாகக் கைக்கு வந்தது 18 ஆயிரம். என்ட்ரி ஃபீஸ், பந்து, வண்டி வாடகை, டீ, வர்க்கி எல்லாம் அதற்குள்தான்.

எங்களோடு மோதும் பெரிய டீம் ஒன்று கீழேயிருந்து ஆள் இறக்குகிறது. ஒரு வேகப்பந்துக்காரருக்கு ஒரு நாளைக்கு இரண்டாயிரம், பஸ் செலவு தனி. நாமும் ஒருவரை இறக்கலாம், இல்லாவிட்டால் இந்த வருடமும் செமியோடு மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று ஊரில் பேச்சு. ஸ்கோர் எழுதுவது நான். சரி, பணத்தைக் கொடுப்பதற்கு முன்னால் நாம் எங்கே தோற்கிறோம் என்று பார்ப்போமே என்று இரண்டு சீசன் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 34 மேட்ச். 13 வெற்றி. தோற்ற 21-இல் 11 மேட்ச் பத்து ரன்னுக்குள் போனது. அதைப் பார்த்ததும் வயிறு எரிந்தது.

அப்புறம் எக்ஸ்ட்ராஸ் கட்டத்தைக் கூட்டிப் பார்த்தேன். ஒரு மேட்சுக்கு சராசரியாக எட்டு வைடு போடுகிறோம். எட்டு ரன்தானே என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு வைடுக்கும் ஒரு பந்து கூடுதலாகப் போட வேண்டும். எட்டு ஓவருக்கு 48 பந்து, நாம் போடுவது 56. அந்த எட்டு பந்தில் இன்னொரு எட்டு ஒன்பது ரன். ஆக 17 ரன் சும்மா போகிறது, எதிர் டீம் மட்டையை ஒழுங்காகப் பிடிக்கக்கூடத் தேவையில்லை. எங்கள் மைதானத்தில் 60, 65 அடித்தாலே நல்ல ஸ்கோர். இதில் 17-ஐத் தானமாகக் கொடுத்துவிட்டு ரெண்டாயிரம் ரூபாய் பௌலரைத் தேடுகிறோம்.

வைடு யார் போடுகிறார்கள் என்று பார்த்தால் முக்கால்வாசி எங்கள் இரண்டு வேகப்பந்துக்காரர்கள். ஊரே கைதட்டும் பசங்க. ஒரு வைடுகூடப் போடாதவன் யார் என்று பார்த்தால் பிக்கப் ஓட்டும் ஒரு தம்பி. மெதுவாக, மேலே தூக்கிப் போடுவான், பார்க்க ஒன்றுமே இருக்காது, ஆள் இல்லாத அன்றைக்குத்தான் அவனுக்குப் பந்து கிடைக்கும். இந்த சீசன் அவனுக்கு எல்லா மேட்சிலும் இரண்டு ஓவர் கொடுத்தோம், இன்னொரு மெதுவான ஆளையும் சேர்த்தோம், வேகப்பந்து ஓவர்கள் மட்டும் கடைசியில். 14 மேட்ச் ஆகிவிட்டது, 9 வெற்றி. வைடு சராசரி மூன்று. வெளி ஆளுக்கு ஒரு ரூபாய் கொடுக்கவில்லை.

இதே மாதிரி நோட்டு எழுதும் டீம் மலையில் வேறு எங்காவது இருக்கிறதா? என்ன எண்ணுகிறீர்கள்? எது உதவியது, எது ஏமாற்றியது? அதைத் தெரிந்துகொள்ளத்தான் இவ்வளவும் எழுதினேன்.


பழைய கீப்பர், குன்னூர்:

தம்பி, நல்ல காரியம். ஆனால் ஒன்று கேட்கிறேன். நான் இருபது வருடம் ஸ்டம்புக்குப் பின்னால் நின்றவன். வெலிங்டன் பக்கம் பட்டாளத்து டீம்களோடு எல்லாம் ஆடியிருக்கிறேன். ஒரு பையன் நல்ல பௌலரா இல்லையா என்பது பந்து க்ளவுஸில் விழும் சத்தத்திலேயே தெரியும். அந்தப் பிக்கப் தம்பியை ஆள் இல்லாத அன்றைக்கு மட்டும் போடவைத்தீர்கள் என்றால், அது உங்கள் கேப்டன் கண் சரியில்லை என்றுதான் அர்த்தம். நோட்டு எதற்கு? அப்புறம், வைடு போடும் பையனை உட்கார வைத்தால் அவன் எப்போது கற்றுக்கொள்வான்? 18 வயதில் வேகமாகப் போடுகிறவன் கிடைப்பது அரிது. வேகம் கடவுள் கொடுப்பது, லைன் நாம் கொடுக்கலாம்.


கோத்தகிரி நோட்டு:

அண்ணா, உங்கள் கண் எங்கள் ஊரில் இல்லையே. அதுதான் பிரச்சினை. எங்கள் கேப்டன் கண்ணுக்கு ஸ்டம்ப் தெறிப்பது தெரிகிறது. ஞாபகத்தில் நிற்பதும் அதுதான். அதே ஓவரில் போன மூன்று வைடு மாலைக்குள் மறந்துபோகிறது, நோட்டில் மட்டும்தான் இருக்கிறது. வேகப் பசங்களை உட்கார வைக்கவில்லை, பிராக்டிஸில் ஸ்டம்புக்கு இரண்டு பக்கமும் செங்கல் வைத்து அதற்குள் போடச் சொல்கிறோம். ஒருவன் நன்றாகவே மாறியிருக்கிறான்.


கணக்கு வாத்தியார், ஊட்டி:

படித்தேன், சந்தோஷமாக இருந்தது. நீங்கள் செய்தது பேஸ்பாலில் ஓக்லண்ட் அத்லெடிக்ஸ் செய்ததன் மறுபக்கம். அந்தக் கதை பலருக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் இங்கே பொருந்துவதால் சொல்கிறேன்.

2001 சீசன் முடிந்ததும் ஓக்லண்டின் பெரிய ஆட்டக்காரர்களைப் பணக்கார டீம்கள் வாங்கிக்கொண்டு போய்விட்டன. ஜேசன் ஜியாம்பி நியூயார்க் யாங்கீஸுக்குப் போனார். பொது மேலாளர் பில்லி பீன் கையில் சம்பளத்துக்கு இருந்தது சுமார் 4 கோடி டாலர், யாங்கீஸுக்கு 12 கோடிக்கு மேல். 2002-இல் இரண்டு டீமும் அதே 103 ஆட்டம் ஜெயித்தன. நடுவில் ஓக்லண்ட் தொடர்ச்சியாக 20 ஆட்டம் ஜெயித்தது.

எப்படி? பேஸ்பாலில் ரன் எடுக்க நான்கு மூலைகளைச் சுற்றி ஓட வேண்டும், அந்த மூலைதான் பேஸ். பிட்சர் (பந்து எறிபவர்) நான்கு பந்து வெளியே போட்டு, மட்டைக்காரர் அதை அடிக்காமல் விட்டால் முதல் பேஸ் இலவசம். பார்ப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை, யாரும் கைதட்ட மாட்டார்கள், அதனால் சந்தையில் அதற்கு விலையும் இல்லை. ஆனால் எத்தனை முறை அவுட் ஆகாமல் பேஸுக்குப் போகிறார் என்ற கணக்கு, அடித்து எத்தனை முறை போகிறார் என்ற பழைய சராசரியைவிட ரன்னோடு நெருக்கமாக ஒட்டுகிறது. இதைப் பல வருடம் முன்பே எழுதிக்கொண்டிருந்தவர் பில் ஜேம்ஸ், கன்சாஸில் ஒரு பீன்ஸ் டப்பா ஃபேக்டரியில் இரவுக் காவல் பார்த்த மனிதர். பீன் இந்தக் கணக்கை வைத்து மற்றவர்கள் ஒதுக்கியவர்களை எடுத்தார். ஸ்காட் ஹாட்டபெர்க் என்று ஒருவர், முழங்கை அடிபட்டு கேட்சராக (நம் கீப்பர் மாதிரி) நின்று பந்தை எறிய முடியாதவர். அவரை முதல் பேஸில் நிறுத்தினார்கள். அந்த 20-ஆவது வெற்றியில் 11-0 என்று முன்னால் இருந்து 11-11 ஆகி, கடைசியில் ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) அடித்து முடித்தவர் அவர்தான். உங்கள் பிக்கப் தம்பி எனக்கு ஹாட்டபெர்க் மாதிரி தெரிகிறார்.

ஆனால் ஒரு வாத்தியாராக இதையும் சொல்ல வேண்டும். முன்பு 34-க்கு 13 வெற்றி, அதாவது நூற்றுக்கு 38. டீம் கொஞ்சமும் மாறவில்லை, அதே 38 தான் என்று வைத்துக்கொண்டாலும், 14 மேட்சில் 9 அல்லது அதற்கு மேல் ஜெயிப்பது நூற்றில் நான்கு தடவை சும்மாவே நடக்கும். நான்கு என்பது சின்ன எண், ஆனால் பூஜ்யம் இல்லை. எதிர் டீம்கள் மாறியிருக்கலாம், டாஸ் விழுந்திருக்கலாம். ஆகவே 9 வெற்றியைப் பார்த்து உறுதி கொள்ள வேண்டாம். வைடு எட்டிலிருந்து மூன்றாக இறங்கியதைப் பாருங்கள். 14 மேட்ச் என்பது 14 முடிவுதான், ஆனால் பந்து எடுத்தால் 672 பந்து. முடிவைவிட பந்து சீக்கிரம் உண்மை பேசும்.


மஞ்சூர் சிக்ஸர்:

அண்ணா பேட்டிங் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே? எங்கள் டீமில் நான்தான் ஓப்பனிங், காலேஜ் இரண்டாம் வருடம். நின்றால் சிக்ஸ்தான். எட்டு ஓவரில் சிங்கிள் ஓடிக்கொண்டிருந்தால் எப்படி 60 வரும்? நோட்டு வைத்துப் பார்த்தால் என்னை மாதிரி ஆளைத் தூக்கிவிடுவீர்களா? உண்மையாகவே கேட்கிறேன்.


கோத்தகிரி நோட்டு:

தூக்க மாட்டோம் தம்பி, சிக்ஸுக்கு விலை உண்டு. ஆனால் உன் டாட் பாலை, அதாவது ரன் எடுக்காத பந்தை, எண்ணிப் பார். எங்கள் ஓப்பனர் ஒருவன் உன்னைப் போலத்தான். ஒரு மேட்சில் 14 பந்தில் 18 ரன். இரண்டு சிக்ஸ், ஒரு நாலு, இரண்டு சிங்கிள், ஒன்பது டாட். ஊருக்கு ஞாபகம் இருப்பது அந்த இரண்டு சிக்ஸ், ஒன்று தார் ரோட்டில் விழுந்தது. மொத்தமே 48 பந்து இருக்கும் ஆட்டத்தில் ஒன்பது பந்தை ஒரே ஆள் தின்றுவிட்டான் என்பது நோட்டில்தான் தெரிந்தது.

எங்கள் மைதானத்தைச் சொன்னால் இன்னும் புரியும். பள்ளத்தைச் சமப்படுத்திய இடம். ஒரு பக்கம் மேடு, அங்கே கல் சுவர். இன்னொரு பக்கம் நேராகத் தேயிலைத் தோட்டம் இறங்குகிறது. செடிக்குள் பந்து போனால் தேட ஐந்து நிமிடம் ஆகும், அதனால் தரையில் உருண்டு செடிக்குள் போனால் டூ டிக்ளேர். தூக்கி அடித்துச் செடிக்குள் விழுந்தால் அவுட், பந்தையும் நீயே தேட வேண்டும். இது ரொம்ப நாள் விதி, எல்லோருக்கும் தெரியும். ஆனால் எல்லா டீமும் சுவர்ப் பக்கம் சிக்ஸ் அடிக்கத்தான் பார்க்கும்.

நான் என்ன செய்தேன் என்றால் மைதானத்தை நோட்டில் வரைந்து, ரன் வந்த பந்து எல்லாம் எந்தப் பக்கம் போனது என்று புள்ளி வைத்தேன். பென்சிலில்தான், பேனா என்றால் பதினோரு மணிக்கு மிஸ்ட் ஏறியதும் மை ஊறி ஒன்றும் புரியாது. பத்து மேட்ச் புள்ளி சேர்ந்தபோது தேயிலைப் பக்கம் பாதி காலி. அங்கே மெதுவாகத் தள்ளினால் ஓடக்கூட வேண்டாம், இரண்டு ரன் கையில். எங்களிடம் இடதுகை ஆட்டக்காரன் ஒருவன், எலக்ட்ரீஷியன் வேலை, அடியில் பலம் கிடையாது, அதனால் எட்டாவதாக இறங்குவான். அவனுக்கு அந்தப் பக்கம் தள்ளுவது தண்ணீர் குடிக்கிற மாதிரி. மூன்றாவதாக இறக்கினோம். 20 ரன் அடித்தான் என்று யாரும் பேச மாட்டார்கள், ஆனால் 13 பந்தில் அடித்திருப்பான். சிக்ஸர் பையன் மறுபக்கம் நின்று தைரியமாகத் தூக்குகிறான். இரண்டு பேரும் வேண்டும்.

எதிர் டீம் இப்போது அந்தப் பக்கம் ஒரு ஆளை நிறுத்தத் தொடங்கியிருக்கிறது. அப்படியானால் சுவர்ப் பக்கம் ஒரு ஆள் குறைகிறான்.


கணக்கு வாத்தியார், ஊட்டி:

ஆள் நிறுத்துவதும் இதே பாடத்தில் வருகிறது. டாம்பா பே ரேஸ் என்ற பேஸ்பால் டீம் 2008-இல் சம்பளப் பட்டியலில் கீழிருந்து இரண்டாவது இடத்தில் இருந்துகொண்டு உலகத் தொடர் என்ற இறுதிச் சுற்று வரை போனது. எந்த மட்டைக்காரர் எந்தப் பக்கம் அடிக்கிறார் என்று எண்ணி, ஃபீல்டர்களை வழக்கமான இடத்திலிருந்து நகர்த்தி நிறுத்தியதில் பெயர் வாங்கிய டீம் அது. ஆளை நகர்த்த யாரும் காசு கேட்பதில்லை.

மெதுவான பந்து ஏன் உங்களுக்கு எடுபடுகிறது என்பதற்கும் ஒரு காரணம் சேர்க்கிறேன். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். கடற்கரையோடு ஒப்பிட்டால் இங்கே காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கோத்தகிரி கொஞ்சம் தாழ்வு, அங்கே அடர்த்தி ஊட்டியைவிடக் கொஞ்சம் கூடுதல். காற்று லேசாக இருந்தால் அடித்த பந்து தூரம் போகும், டென்னிஸ் பந்து மாதிரி எடை குறைந்ததற்கு வித்தியாசம் இன்னும் நன்றாகத் தெரியும். ஸ்விங் ஆவதும் குறையும். அமெரிக்காவில் டென்வர் 1,600 மீட்டர்தான், அங்கேயே ஹோம் ரன் பெருகிப்போய், 2002-இலிருந்து பந்துகளை ஈரப்பதம் கட்டுப்படுத்திய அறையில் வைத்து எடுக்கிறார்கள். வேகமாக வரும் பந்தில் மட்டை லேசாகப் பட்டாலே எல்லைக்குப் போகும் இடத்தில், வேகத்துக்கு இரண்டாயிரம் கொடுப்பதற்கு முன் யோசிக்கத்தான் வேண்டும்.


மூஞ்சிக்கல் மிட்ஃபீல்டு:

கொடைக்கானலிலிருந்து எழுதுகிறேன். எங்களுக்குக் கால்பந்துதான் உயிர். நோட்டு அண்ணா சொல்வதைக் கேட்க ஆசையாக இருக்கிறது, ஆனால் எங்கள் ஆட்டத்தில் இவ்வளவு எளிதில்லை. ஒரு மேட்சில் ஒன்றோ இரண்டோ கோல். எண்ண என்ன இருக்கிறது?

நாங்களும் ஒரு சீசன் எண்ணி மாட்டிக்கொண்டோம். விழுந்த கோல் எல்லாவற்றையும் பார்த்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று பாஸில் விழுந்தவை. அப்படியானால் பாஸ் ஆடாதே, தூக்கி அடி என்று முடிவு செய்தோம். அந்த சீசன் நாசம். பிறகுதான் தெரிந்தது, இதே தப்பை இங்கிலாந்தே செய்திருக்கிறது என்று. சார்லஸ் ரீப் என்பவர், விமானப் படையில் கணக்கு அதிகாரி, 1950-இல் ஸ்விண்டன் மேட்சில் பென்சிலோடு உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தவர், பல வருடம் விடாமல் எண்ணினார். பெரும்பாலான கோல் மூன்று பாஸுக்குள் விழுகிறது, ஆகவே நீளமாக அடிப்பதே லாபம் என்று சொன்னார். கோல் சரியாகத்தான் எண்ணினார். ஆனால் மூன்று பாஸுக்குள் முடியும் முயற்சிகள்தான் எந்த ஆட்டத்திலும் மிக அதிகம், கோலும் அதிலிருந்துதானே அதிகம் வரும்? எத்தனை முயற்சிக்கு எத்தனை கோல் என்று பார்த்திருக்க வேண்டும். அடிவாரத்தில் விபத்து அதிகம் என்று சொல்லும்போது அங்கே வண்டியே அதிகம் என்பதையும் பார்க்க வேண்டாமா, அது மாதிரி.

இப்போது நாங்கள் எண்ணுவது ஒன்றே ஒன்று. கார்னர், ஃப்ரீ கிக், த்ரோ. பந்து நின்று ஆரம்பிக்கும் இடங்கள். இதைப் பழக மைதானமும் வேண்டாம், பணமும் வேண்டாம், சாயங்காலம் இருட்டுவதற்குள் அரை மணி நேரம் கிடைத்தால் போதும். மேத்யூ பென்ஹாம் தெரியும்தானே, பந்தயக் கணக்கில் சம்பாதித்து, சின்ன வயதிலிருந்து ஆதரித்த பிரென்ட்ஃபோர்ட் கிளப்பையே வாங்கியவர். 2014-இல் டென்மார்க்கில் மிட்யூலாண்ட் கிளப்பையும் வாங்கினார். மறு வருடமே அந்த கிளப் முதல் தடவையாக லீக் பட்டம் எடுத்தது, நின்ற பந்துகளில் வந்த கோல் அதில் பெரிய பங்கு. பிரென்ட்ஃபோர்ட் 2021-இல் 74 வருடத்துக்குப் பிறகு இங்கிலாந்தின் முதல் டிவிஷனுக்கு ஏறியது.

எங்கள் மைதானம் ஒரு பக்கம் சரிவு. மேட்டுப் பக்கக் கார்னரிலிருந்து அடித்தால் பந்து இறங்கி வரும், கீழ்ப் பக்கத்திலிருந்து அடித்தால் பாதியில் நிற்கும். இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான், ஆனால் எண்ணிய பிறகுதான் கீழ்ப் பக்கக் கார்னரைத் தூக்கி அடிப்பதையே நிறுத்தினோம். ஷார்ட்டாகத் தட்டி உள்ளே கொண்டுபோகிறோம். பூம்பாறைக்காரப் பையன் ஒருவன், மூட்டை தூக்கித் தூக்கித் தோள் இரும்பு மாதிரி, அவன் த்ரோ பெனால்டி ஏரியா வரை விழும். ஓட்டத்தில் பின்தங்குவான் என்று முதலில் அவனை எடுக்கவே இல்லை. இப்போது அவன் இல்லாமல் டீம் இறங்குவதில்லை.


பழைய கீப்பர், குன்னூர்:

வாத்தியார் சார், ஓக்லண்ட் கதையைப் பாதி சொல்லி விட்டுவிட்டீர்கள். அந்த 2002 டீமில் பேரி ஜிட்டோ, டிம் ஹட்சன், மார்க் மல்டர் என்று மூன்று பிட்சர்கள். ஜிட்டோ அந்த வருடம் அமெரிக்கன் லீகின் சிறந்த பிட்சர் விருது வாங்கினார். மிகேல் தெஹாடா சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கினார். இவர்கள் எல்லாம் அடிபட்டு ஒதுக்கப்பட்டவர்களா? இளம் வயதில் அந்த டீமே தேடி எடுத்து வளர்த்த பிள்ளைகள். அங்கே ஆறு வருடம் ஆடும் வரை ஆட்டக்காரர் தானாக வேறு டீமுக்குப் போக முடியாது என்ற விதி, அதனால்தான் மலிவு. இளம் பையனைக் கண்டுபிடித்து வளர்த்தது பெரிய பங்கு. அது கண் வேலை.

அப்புறம், 2000, 2001, 2002, 2003 நான்கு வருடமும் ஓக்லண்ட் நாக் அவுட் முதல் சுற்றிலேயே, ஐந்து ஆட்டத் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் வெளியே. நம் மலையில் நடப்பது எல்லாமே நாக் அவுட். நோட்டு அங்கே என்ன செய்யும்?

2008 ஐபிஎல்லில் ராஜஸ்தானைப் பாருங்கள். எட்டு டீமில் மிக மலிவாக விலை போனது, 6.7 கோடி டாலர், மும்பை 11 கோடிக்கு மேல். கோப்பை யாருக்கு? ஷேன் வார்னே ஒரு பெரிய கண். யூசுஃப் பதான், அஸ்னோத்கர், பத்தொன்பது வயது ஜடேஜா. யார் எதற்கு லாயக்கு என்று பார்த்து, அவனிடமே அதைச் சொல்லி, நம்ப வைத்தார்.


கணக்கு வாத்தியார், ஊட்டி:

கீப்பர் அண்ணா சொல்வது முழுக்க உண்மை, நான் விட்டது என் தவறு. ஜிட்டோ மூவரும் தெஹாடாவும் இல்லாமல் 103 இல்லை. ஹாட்டபெர்க் மாதிரி ஆட்கள் ஜியாம்பி போன பள்ளத்தை நிரப்பினார்கள், மலையைக் கட்டியது அந்த இளைஞர்கள்தான்.

நாக் அவுட் பற்றி: கணக்கு என்பது நூறு பந்தில் ஐந்து பந்து கூடுதலாக உங்கள் பக்கம் சாய வைக்கும் வேலை. பேஸ்பால் சீசன் மாதிரி 162 ஆட்டம் ஆடினால் அந்தச் சாய்வு தெரியும். ஐந்து ஆட்டத்தில் தெரிய வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒரே ஆட்டத்தில் இன்னும் மோசம். ஆனால் இதையே திருப்பிப் போடுங்கள். நாம் பலவீனமான டீம் என்றால் ஆட்டம் எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது. எட்டு ஓவரில் பெரிய டீமை அடிக்கலாம், இருபது ஓவரில் கஷ்டம். மழை வந்து ஐந்து ஓவராகக் குறைத்தால் சின்ன டீம் சந்தோஷப்பட வேண்டும். நம் டீம்தான் பலம் என்றால் லீக் முறையில், ஒவ்வொரு டீமோடும் மோதும் டோர்னமென்டாகப் பார்த்துப் பெயர் கொடுக்க வேண்டும். 18 ஆயிரத்தில் மூன்று நாக் அவுட்டுக்கு என்ட்ரி கட்டி மூன்றிலும் முதல் மேட்சில் வெளியே வருவதைவிட, ஒரு லீகில் ஆறு மேட்ச் ஆடினால் நோட்டுக்கும் தீனி கிடைக்கும்.

இன்னொரு கவலையும் இருக்கிறது. பாஸ்டன் ரெட் சாக்ஸ் பணக்கார பேஸ்பால் டீம். ஓக்லண்டைப் பார்த்து 2002 முடிவில் பில் ஜேம்ஸையே வேலைக்கு வைத்தார்கள். 2004-இல் 86 வருடத்துக்குப் பிறகு பட்டம். பணமும் நோட்டும் ஒரே கையில் சேர்ந்தால் சின்ன டீம் வேறு எதையாவது தேட வேண்டும். உங்கள் பெரிய ஊர் டீம் வைடு எண்ண ஆரம்பிக்க எத்தனை நாள் ஆகும்?


கூடலூர் பி.இ.டி:

நான் பெண் பிள்ளைகளுக்கு வாலிபால் சொல்லிக்கொடுக்கிறேன். எங்கள் பக்கம் ஜூன் மாதம் மழை பிடித்தால் செப்டம்பர் வரை மைதானம் சேறு, அதனால் பிராக்டிஸ் நாள் மற்றவர்களைவிடக் குறைவு. உயரமான பிள்ளைகளும் குறைவு. நெட்டுக்கு மேலே அடித்து ஜெயிக்க முடியாது என்று தெரிந்த பிறகு நான் எண்ண ஆரம்பித்தது இரண்டு. ஒன்று, சர்வீஸ் வீணாவது. இன்னொன்று, எதிர் சர்வீஸை எடுக்கும் முதல் தொடுகை. அதற்கு 0 முதல் 3 வரை மார்க். செட்டர் (அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவர்) நின்ற இடத்திலேயே பந்து வந்தால் 3, ஓடி எடுக்க வேண்டியிருந்தால் 2, எப்படியோ மேலே எழுப்பினால் 1, போய்விட்டால் 0. வாலிபால் கோச்சுகள் பரவலாகப் பயன்படுத்தும் முறைதான். எங்களிடம் இரண்டு டப்பாவும் புளியங்கொட்டையும். பெஞ்சில் இருக்கும் பிள்ளை போடும். ஆடாத பிள்ளைக்கும் ஆட்டத்தை விட்டுக் கண் எடுக்க முடியாத ஒரு வேலை கிடைக்கிறது, அதில் எனக்குப் பெரிய சந்தோஷம்.

ஆனால் நான் செய்த ஒரு தப்பைச் சொல்ல வேண்டும், அதற்காகத்தான் இதையே எழுதுகிறேன். முதல் வருடம் மேட்ச் முடிந்ததும் எல்லோர் முன்னாலும் மார்க்கை வாசித்தேன். பரீட்சை பேப்பர் கொடுப்பது மாதிரி. எட்டாவது படிக்கும் ஒரு பிள்ளைக்கு சராசரி ஒன்றுக்குக் கீழே. அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டபோது அவள் அம்மா, தோட்டத்தில் இலை எடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார், "மேடம், அவள் ராத்திரி முழுக்க ஒண்ணுகூட இல்லை, ஒண்ணுகூட இல்லைனு அழுதாள்" என்றார். எனக்குப் பேச வாய் வரவில்லை.

அந்தப் பிள்ளையின் நோட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அவளுக்கு விழுந்த பூஜ்யம் எல்லாமே கோர்ட்டின் பின் இடது மூலையில். மற்ற இடங்களில் அவள் மற்றவர்களுக்கு இணைதான். எதிர் டீம் அவளைத்தான் குறிவைத்து அந்த மூலைக்கு அடித்தது, நான்தான் அவளை அங்கே நிறுத்தினேன். இடத்தை மாற்றினேன், திரும்ப அழைத்து வந்தேன். இப்போது மார்க்கை ஒவ்வொருவரிடமும் தனியாகத்தான் சொல்கிறேன், அதுவும் ஒரே ஒரு எண், அடுத்த வாரம் எதை மாற்றலாம் என்பதோடு சேர்த்து. நோட்டு தம்பி, உங்கள் ஊரில் அந்த இரண்டு வேகப் பையன்களிடம் வைடு கணக்கை எப்படிச் சொன்னீர்கள்?


கோத்தகிரி நோட்டு:

அக்கா, நீங்கள் கேட்டது சரியான இடத்தில் பட்டது. நான் ஊர்க்கூட்டத்தில் எல்லோர் முன்னாலும்தான் சொன்னேன். ஒருவன் இரண்டு ஞாயிறு வரவில்லை. உடம்பு சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். செங்கல் வைத்துப் பழகி மாறினான் என்று மேலே எழுதியது மற்றவன். இவன் வந்தாலும் முன்பு மாதிரி பேசுவதில்லை. இன்று சாயங்காலம் ஃபேக்டரி ஷிப்ட் முடிந்ததும் அவனைப் போய்ப் பார்த்தேன். நோட்டைக் கையில் கொடுத்து, அவனையே பார்க்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் புரட்டிவிட்டு, "அண்ணா, முதல் ஓவரில் வைடே இல்லை, எல்லாம் இரண்டாவது ஓவரில்தான் இருக்கு" என்றான். நான் இத்தனை நாள் பார்த்தும் இது என் கண்ணில் படவில்லை. மேட்டிலிருந்து ஓடி வருகிறான், இரண்டாவது ஓவரில் மூச்சு வாங்குகிறது. ஓட்டத்தைக் குறைத்துப் பார்க்கலாம், அல்லது இரண்டு ஓவருக்கும் நடுவில் இன்னும் இடைவெளி விடலாம். கீப்பர் அண்ணா, ஒரு ஞாயிறு நேரம் கிடைத்தால் மேலே வந்து அவன் ஓடி வருவதைப் பார்த்துச் சொல்ல முடியுமா? பஸ் செலவு டீம் கொடுக்கும்.

வாத்தியார் சார், லீக் யோசனையைக் கேப்டனிடம் சொல்லிவிட்டேன். அவருக்கும் பிடித்திருக்கிறது.


பழைய கீப்பர், குன்னூர்:

பஸ் செலவு எல்லாம் வேண்டாம் தம்பி. வருகிற ஞாயிறு முதல் பஸ்ஸில் வருகிறேன். அந்தப் பையனிடம் ஷூ போட்டு வரச் சொல், செருப்போடு ஓடினால் ஒன்றும் பார்க்க முடியாது. நோட்டையும் எடுத்து வை, அவன் எந்தப் பந்தில் வைடு போட்டான் என்று ஓவர் ஓவராகக் காட்டு.


மஞ்சூர் சிக்ஸர்:

போன மேட்ச் என் டாட் பாலை எண்ணினேன். 16 பந்தில் 10. நானும் கட்டம் போட்ட நோட்டு வாங்கிவிட்டேன். அந்த மைதானப் படத்தை எப்படி வரைந்தீர்கள் அண்ணா, ஒரு பக்கம் காட்ட முடியுமா?


கோத்தகிரி நோட்டு:

ஃபோட்டோ எடுத்தால் பென்சில் கோடு மங்கலாகத்தான் விழுகிறது தம்பி. நாளைக்கு பஜாரில் ஐந்து பக்கம் ஜெராக்ஸ் எடுக்கிறேன். ஊட்டி பஸ் கண்டக்டர் தெரிந்தவர், வாத்தியார் சார் பெயர் போட்டுக் கொடுத்து அனுப்புகிறேன், ஸ்டாண்டில் வாங்கிக்கொள்ளுங்கள் சார். மஞ்சூர் தம்பிக்கும் கூடலூர் அக்காவுக்கும் ஒவ்வொரு செட் அங்கிருந்து அனுப்ப முடிந்தால் உதவியாக இருக்கும். கொடைக்கானலுக்குத் தபாலில்தான் போட வேண்டும், விலாசத்தை இங்கே எழுத வேண்டாம், தனியாக அனுப்புங்கள்.